அட்டை இல்லாத வண்டிப் புத்தகம்

பக்கத்துக்கு ஒரு வண்டி, கீழே கொட்டை எழுத்தில் அதன் பெயர். குழந்தைக்கு வாகனப் புத்தகம் வேண்டும் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். பஸ், லாரி, ரயில், விமானம், கப்பல், முடிந்தது. ஓரிரு நாளில் பிள்ளைக்கு எல்லாம் மனப்பாடமாகிவிடும். அப்புறம் அது கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். "இவனுக்குப் புத்தகமே பிடிக்கல, செல்போன்தான் வேணும்" என்று பெற்றோர் அலுத்துக்கொள்வார்கள். அந்தப் புத்தகத்தில் மறுபடி பார்க்க என்ன மிச்சம் இருந்தது என்று யாரும் யோசிப்பதில்லை.

நான் வளர்ந்தது வேறு வகைப் புத்தகத்தோடு. நெய்வேலியில், எண்பதுகளில். அப்பா சுரங்கத்து ஒர்க் ஷாப்பில் மெக்கானிக். ஏதோ வேலையாகச் சென்னைக்குப் போனவர், திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். முன் அட்டை இல்லை, முதல் சில தாள்களும் இல்லை. பெரிய சைஸ். மடியில் விரித்தால் இரண்டு பக்கமும் தொடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தாள் கொள்ளாமல் வண்டிகள். ஓட்டுபவர்கள் எல்லாரும் மிருகங்கள்: பன்றி, முயல், பூனை, எலி, நாய், நரி. ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்திலேயே குட்டி எழுத்தில் பெயர்.

ஒரு பன்றிக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், காரில் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். ஆரம்பத் தாள்கள் போய்விட்டதால் அவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா அதற்கு ஒரு கதை வைத்திருந்தார்: ஞாயிற்றுக்கிழமை, புளியோதரை கட்டிக்கொண்டு கடலூர் சில்வர் பீச்சுக்குப் போகிறார்கள். நெய்வேலியில் இருப்பவர்களுக்கு வேறு எந்த பீச் இருக்கிறது?

அப்பாவுக்கு இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துக்காட்ட வராது. ஆனால் வண்டி தெரியும். நான் விரல் வைப்பேன், அவர் சொல்வார். "கிரேடர். பிளேடு நடு வயித்துல இருக்கு பாரு. டோசருக்கு மூஞ்சியில இருக்கும். டோசர் மண்ணைத் தள்ளும், இது மட்டம் பண்ணும்." அடுத்து ஒரு பென்சில் கார். மஞ்சள் பென்சிலுக்கு நான்கு சக்கரம் வைத்த மாதிரி. அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்ஜின் பின்னாடி ரப்பர் பக்கமாத்தான் இருக்கணும். முன்னாடி கூரா இருக்கே, இடம் பத்தாது" என்றார். உண்மையான ரோடு ரோலரும் ஊறுகாய் வெள்ளரிக்காய் வடிவக் காரும் ஒரே சாலையில், ஒரே மரியாதையோடு ஓடுகிற புத்தகம் அது. அதைப் பார்க்கச் சரியான ஆள் அப்பாதான்.

அதில் ஒரு சின்ன மஞ்சள் பூச்சி ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது நானோ அப்பாவோ இல்லை, தம்பி. அவனுக்கு அப்போது பேச்சுகூடச் சரியாக வரவில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்து 'ம்' என்றான். பக்கத்தைத் திருப்பினோம், இன்னொரு இடத்தில் விரலை வைத்து மறுபடி 'ம்'. குனிந்து பார்த்தால் அதே பூச்சி. எங்கள் வீட்டில் அதற்குப் பொன்வண்டு என்று பெயர். புத்தகம் வந்து எத்தனையோ மாதம் கழித்து, எழுத்து தெரிந்த மூன்று பேருக்கும் படாதது எழுத்து தெரியாதவன் கண்ணில் பட்டது.

இந்த வகைப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது இதுதான். வாசிக்கத் தெரியாதவர் தோற்காத ஒரே புத்தகம் இது. மற்ற எல்லாப் புத்தகத்திலும் சாவி பெரியவர் கையில் இருக்கிறது. அவர் வாசித்தால்தான் கதை நகரும். இதில் குழந்தைதான் முன்னால் போகிறது. அந்த இடத்தைப் பெரியவர் விட்டுக்கொடுக்காவிட்டால் எவ்வளவு நல்ல புத்தகமாக இருந்தாலும் பயனில்லை.

பிற்பாடு வீடு மாற்றும்போது புத்தகம் காணாமல் போனது. மகன் பிறந்து, அவனும் தெருவில் ஜேசிபி வந்தால் சோற்றை விட்டுவிட்டு ஓடுகிற வயது வந்தபோது, எனக்கு அதே புத்தகம் வேண்டியிருந்தது. பெயர் தெரியாது. எழுதியவர் யாரென்று தெரியாது. இந்த நிலைமையில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் நான் தேடிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 'கார், லாரி, மிருகங்கள்' என்று தேடினால் கடல் போல வந்து விழும். வேறு எந்தப் புத்தகத்திலும் இருக்க வாய்ப்பில்லாத அபத்தமான ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 'பென்சில் கார்', 'பன்றிக் குடும்பம்', 'ஒளிந்திருக்கும் மஞ்சள் பூச்சி' மூன்றையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போட்டுப் படங்களில் தேடினேன், வந்துவிட்டது. கதையின் சாரத்தைவிடக் கிறுக்குத்தனமான விவரம்தான் இதற்கு உதவும். உடன்பிறந்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வதும் நல்லது. ஒன்றாக உட்கார்ந்து பேசினால் ஒருவர் ஞாபகம் இன்னொருவர் ஞாபகத்தை அடித்துவிடும்.

ரிச்சர்ட் ஸ்கேரி என்ற அமெரிக்கர் வரைந்தது. 'கார்ஸ் அண்ட் டிரக்ஸ் அண்ட் திங்ஸ் தட் கோ', 1974. அவர் 1919-இல் பாஸ்டனில் பிறந்தவர், 1960களின் கடைசியில் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்து, 1994-இல் அங்கேயே காலமானார். பொன்வண்டின் நிஜப் பெயர் கோல்ட்பக். பன்றிப் பிள்ளைகளின் பெயர் பென்னி, பிக்கிள்ஸ். தாறுமாறாக ஓட்டும் டிங்கோ என்ற நாயைச் சைக்கிளில் விரட்டிக்கொண்டு போகும் போலீஸ் நரியம்மா ஆபீசர் ஃப்ளாசி. ஸ்கேரியின் புத்தகங்கள் உலகம் முழுவதும் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. நான் என்னவோ எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைத்த புதையல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

புதுப் பிரதி வந்ததும் முதல் வேலையாக ஆரம்பப் பக்கங்களைத்தான் பார்த்தேன். பன்றிக் குடும்பம் பிக்னிக்குக் கிளம்புகிறது. எங்கே? கடற்கரைக்கு. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "அதைத்தானே நான் அப்பவே சொன்னேன்" என்று வைத்துவிட்டார்.

இனி மகனோடு இதைப் பார்த்ததில் கைவந்த விஷயங்கள். முக்கியமானது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசிக்க முயல வேண்டாம். ஒரு பக்கத்தில் நாற்பது குட்டி எழுத்துப் பெயர்கள் இருந்தால் நாற்பதையும் வாசித்துக்காட்டுவது பிள்ளைக்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. அதற்குப் பதில் ஒரு ராத்திரிக்கு ஓர் ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு டிங்கோ மட்டும்: எங்கே இருக்கிறான், எதை இடித்தான். நாளைக்கு ஃப்ளாசி மட்டும்: எவ்வளவு பின்தங்கிவிட்டாள், சைக்கிள் என்ன ஆனது. மறுநாள் பன்றிக் குடும்பம். ஒரே புத்தகம் பல புத்தகமாகிவிடும். பொன்வண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடுகிற சாக்கில்தான் மற்றதெல்லாம் கண்ணில் படும்.

கேள்வி கேட்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. "இது என்ன வண்டி? என்ன கலர்? எத்தனை சக்கரம்?" என்று ஆரம்பித்தால் பிள்ளைக்கு அது ஸ்கூல். "இவன் எதுக்கு இவ்வளவு அவசரமா போறான்?", "இந்த லாரி திரும்பினா என்ன ஆகும்?" என்று கேட்டால் அது கதை. நல்ல வண்டிப் படத்தில் ஒவ்வொரு மூலையிலும் ஏதோ ஒன்று நடக்கப்போகிற நிலையில் நிற்கிறது. குவித்த மூட்டை சரியப்போகிறது, ஒருவன் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கிறான். அதைப் பிள்ளையே சொல்லட்டும். நமக்கு முதலில் தெரிந்துவிட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என் கணவருக்கு இது மட்டும் வரவே வரவில்லை. பக்கத்தைத் திருப்பியதுமே "இதோ இருக்கு" என்று விரலை வைத்துவிடுவார். மகன் அவரிடம் வேறு புத்தகம்தான் எடுத்துக்கொண்டு போவான்.

புத்தகத்தில் இங்கிலீஷ் பெயர் இருப்பதால் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ரெக்கவரி வண்டி, டிப்பர், தண்ணி லாரி, தார் ஊற்றுகிற வண்டி என்று தெருவில் என்ன சொல்கிறோமோ அதைச் சொன்னால் போதும். மறுநாள் ரோட்டில் தார் போடுகிற இடத்தில் நிற்கும்போது படத்தில் பார்த்தது அப்படியே பொருந்தும்.

இன்னொன்று, வண்டிப் புத்தகம் ஆண் பிள்ளைக்கு என்ற நினைப்பு. எனக்கு என் அப்பா அப்படி நினைக்காமல் வாங்கித் தந்தார். அந்தப் புத்தகத்திலேயே தாறுமாறாக ஓட்டுகிறவனை விரட்டுவது நரியம்மா, ரிப்பேர் பார்ப்பது எலியம்மா. எங்கள் வீட்டில் எனக்கு ஸ்பானர் சைஸ் தெரிந்த அளவுக்குத் தம்பிக்குத் தெரியாது.

வாங்கப் போகிறவர்களுக்கு: சைஸைப் பாருங்கள். இவற்றின் சிறிய கெட்டி அட்டைப் பதிப்புகள் கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் பல நேரம் அவை பெரிய புத்தகத்திலிருந்து சில வண்டிகளை மட்டும் பிய்த்து எடுத்தவை. கூட்டம் போய்விட்டால் இந்தப் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. செல்போனில் பிடிஎஃப் ஆகப் பார்ப்பதும் அப்படித்தான். பெரிதாக்கினால் ஒரு மூலைதான் தெரியும், சிறிதாக்கினால் ஒன்றுமே தெரியாது. முழுப் பக்கமும் ஒரே நேரத்தில் கண் முன்னால் விரிந்திருக்க, அதில் கண் தானாக அலைய வேண்டும்.

பதிப்பு விஷயமும் உண்டு. ஸ்கேரியின் சொற்புத்தகம் ஒன்று 1963-இல் வந்தது, 1,400 பொருட்களுக்கு மேல் வரைந்தது. அதன் பிந்தைய பதிப்புகளில் பல இடங்களை மாற்றிவிட்டார்கள். பழையதில் சமையலறையில் அம்மா மட்டும்; புதியதில் அப்பாவும் வேலை செய்கிறார். பழையதில் தீப்பிடித்த வீட்டு ஜன்னலில் 'அலறும் அழகிய பெண்'. புதியதில் 'ஆபத்தில் இருக்கும் பூனை'. பழையதுதான் அசல், அதைத்தான் வாங்குவேன் என்று அடம்பிடிப்பவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் குழந்தைக்கு வாங்குவதென்றால் நான் புதியதைத்தான் எடுப்பேன். நம் ஏக்கத்துக்கு வேண்டுமானால் பழைய பிரதி ஒன்று தனியாக இருக்கட்டும். அதே ஆளின் 1968 புத்தகம் ஒன்று, நாள் முழுக்க மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் காட்டுவது. வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது, கோதுமை எப்படி ரொட்டியாகிறது, ரோடு எப்படிப் போடுகிறார்கள் என்று சுவரையும் தரையையும் வெட்டி உள்ளே காட்டியிருப்பார். இதைச் சுருக்கி வெளியிட்ட பதிப்புகளும் சுற்றுகின்றன. வாங்குவதற்கு முன் பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறக்குமதிப் புத்தகம் என்பதால் விலை கடிக்கும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. பிள்ளையை அங்கே கூட்டிப்போய், எந்த மாதிரிப் படத்தில் அதன் கண் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பழைய பிரதி கிடைத்தால் தைரியமாக வாங்கலாம், நடுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு. முதுகு பிரிந்திருந்தால் செலோ டேப் வேண்டாம். கொஞ்ச வருஷத்தில் மஞ்சளாகி, பிசின் கசிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பைண்டிங் கடையில் கொடுத்தால் துணிப் பட்டை வைத்து மைதாப் பசையில் ஒட்டித் தருவார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம், அது விஷம். புத்தகத்தை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை இருந்தால் துத்தம் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேரியோடு நிற்க வேண்டியதில்லை. ஜெர்மானியர்களுக்கு இப்படிக் கூட்டமும் கசகசப்புமாக இருக்கும் படப் புத்தகம் ஒரு தனி மரபாகவே இருக்கிறது. ம்யூனிக்கில் பிறந்த அலி மிட்குட்ச் 1968-இல் வெளியிட்ட நகரப் புத்தகம் அடுத்த ஆண்டே அந்நாட்டின் சிறார் இலக்கிய விருதை வாங்கியது. அவர் 2022-இல் காலமானார். ரோட்ராட் சூசன்னே பெர்னர் 2003-இல் தொடங்கிய வரிசையில் ஒரே ஊர் குளிர்காலம், வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று மாறுகிறது. ஒரு புத்தகத்தில் பார்த்த ஆட்கள் அடுத்ததிலும் வருகிறார்கள். இவற்றில் கதை வாசகமே இல்லை. எந்த மொழி வீட்டிலும் செல்லும் என்பதால் தமிழ் மட்டுமே பேசுகிற தாத்தா பாட்டி கையில் கொடுக்க இதைவிடத் தோதானது கிடையாது. கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவரை மட்டும் கூட்டத்தில் தேடச் சொல்லும் புகழ்பெற்ற புத்தகம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் பிள்ளை பக்கத்தைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவு கஷ்டப்பட்டு வரைந்த கூட்டம் வீண்.

பணமே செலவழிக்காமல் ஆரம்பிக்க வேண்டுமானால் பீட்டர் புரூகல் 1560-இல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' ஓவியத்தை இணையத்தில் பெரிய அளவில் இறக்கி, நல்ல தாளில் பிரிண்ட் போடுங்கள். அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருநூறு பிள்ளைகளுக்கு மேல், எண்பது விளையாட்டுக்கு மேல். இடது கீழ் மூலையில் இரண்டு பெண்கள் ஆடுவது கிட்டத்தட்ட நம் அஞ்சாங்கல்தான். பச்சைக்குதிரை, பம்பரம், கண்ணைக் கட்டிக்கொண்டு ஆளைப் பிடிப்பது எல்லாம் உண்டு. வண்டி கிடையாது, உருட்டுகிற வளையம்தான். என் அம்மா அதில் தான் ஆடிய ஆட்டங்களாகக் காட்டிக்கொண்டே போனார், மகன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

சொந்தமாக ஒன்று வரைவதும் கஷ்டமில்லை. சார்ட் பேப்பர் ஒன்று, பென்சில், ஸ்கெட்ச் பேனா. மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரிக் கோணத்தில் வரைந்தால் ஒன்று இன்னொன்றை மறைக்காது. முதலில் ரோட்டை மட்டும் போட வேண்டும், பக்கத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை. அப்புறம் தெரிந்த இடங்கள்: பேருந்து நிலையம், டீக்கடை, பள்ளிக்கூடம், பஞ்சர் கடை. அதற்கப்புறம்தான் வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தொல்லை இருக்க வேண்டும். சும்மா போகிற வண்டியை யாரும் இரண்டாம் தடவை பார்க்க மாட்டார்கள். ஒளிந்திருக்கும் பொருளைக் கடைசியில், மற்ற எல்லாம் வரைந்து முடித்த பிறகு, ஏதாவது ஒன்றின் பின்னால் பாதி தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் மகன் நெய்வேலிச் சுரங்கத்தை வரைந்தான். தாளில் பாதிக்கு பக்கெட் வீல் மெஷின், ராட்டினம் போலச் சக்கரம், அதில் வரிசையாகக் கொப்பரைகள். கீழே எறும்பு அளவில் ஜீப்புகள், டிபன் கேரியரோடு ஒரு தாத்தா. ஓய்வு பெற்றுவிட்ட என் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை பார்த்தார்.

"வீல் மண்ணை வெட்டுது, சரி. வெட்டின மண்ணு எங்கடா போகுது? கன்வேயரைக் காணோமே?"

தாளில் இடம் இல்லை. பக்கத்தில் இன்னொரு சார்ட் ஒட்டி கன்வேயர் பெல்ட்டை நீட்டினோம். அது போய்ச் சேர்ந்த இடத்தில் மண்ணைக் கொட்ட ஸ்ப்ரெடர் மெஷின் வேண்டும் என்றார், அதற்கு மூன்றாவது சார்ட். மண்ணுக்கு அடியில் கிடைக்கிற பழுப்பு நிலக்கரியைப் பவர் ஹவுஸுக்கு அனுப்பத் தனி பெல்ட் போட வேண்டுமாம். கடைக்குப் போய் இன்னும் நாலு சார்ட் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.